தோற்றவர் புகழ்: வன்கூவர்க் கூடைப்பந்து அணியின் வரலாறு

வெண்ணிப் போர்க்களத்திலே கரிகாலனோடு பொருது புறப்புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்தான். வென்ற மன்னனை முன்னிறுத்திக்கொண்டே, தோற்றவனே உயர்ந்தவன் என்று துணிந்து பாடியவர் வெண்ணிக் குயத்தியார். அவர் அரசவையிற் பரிசில் பெற்று வாழ்ந்த பெரும்புலவர் அல்லர். மட்கலம் வனையும் குலத்துப் பெண் என்பதைப் பெயரே உணர்த்துகின்றது. மெய்க்கீர்த்திகளை எழுதியோர் வென்றவரைப் பாட, மண் பிசைந்தவள் தோற்றவனைப் பாடினாள் என்பது நம் இலக்கிய வரலாற்றிற் சிந்திக்கத்தக்க ஒரு செய்தி.

இத்தகைய பாடல் ஒன்று நம் காலத்திலே, கடல்களுக்கு அப்பால், ஒரு விளையாட்டு அணியைப் பற்றி வழங்கி வருகின்றது. இரணைமடு நீர் பாயும் வட்டக்கச்சியிலிருந்து நாம் வன்கூவரைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆனால் அந்நகரும் அதனையடுத்த கரையும் வன்னி மக்களுக்கு அந்நியமானவை அல்ல. 2009 ஒக்டோபரில் 76 தமிழரையும், 2010 ஓகஸ்டில் 492 தமிழரையும் சுமந்து சென்ற இரு கப்பல்கள் சேர்ந்தது அந்த மாகாணத்தின் கரையையே. அங்கே தடுத்துவைக்கப்பட்டிருந்தோரின் உறவினர் எம் ஊர்களிலே கடிதத்துக்கும் தொலைபேசிக்கும் காத்திருந்த காலம் இன்னும் மறக்கப்படவில்லை. கனடாவிலிருந்து வரும் பொதிகளிற் கூடைப்பந்துச் சட்டைகளும் இருப்பதுண்டு. நீலப்பச்சை நிறத்திலே, பந்தைப் பற்றிய கரடியின் உருவம் பொறித்த சட்டையை அணியும் மாணவனுக்கு அந்த அணி 2001 ஆம் ஆண்டிலேயே அந்நகரை விட்டுப் போய்விட்டது என்பது தெரிய வேண்டியதில்லை. ஏன் போயிற்று என்பது தெரிய வேண்டும்.

கூடைப்பந்தைக் கண்டவர் ஒரு கனடியர். ஒன்ராறியோ மாகாணத்து அல்மொன்ற் என்னும் ஊரிற் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், 1891 இல் அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரத்து உடற்பயிற்சி ஆசிரியராயிருந்தபோது, பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் அறைந்து இவ்வாட்டத்தைத் தொடக்கினார். வாலிபர் கிறிஸ்தவ சங்கம் இதனை உலகெங்கும் கொண்டு சென்றது. சென்னையில் 1920 இல் எச். சி. பக் நிறுவிய உடற்கல்விக் கல்லூரியும் அச்சங்கத்தினுடையதே. ஆட்டம் தோன்றியது வகுப்பறையில். அதனை வாங்கி விற்கும் பொருளாக்கியது பின்வந்த காலம். இன்றைய அமெரிக்கத் தொழில்முறைக் கூட்டமைப்பின் முதலாவது ஆட்டமே 1946 நவம்பர் 1 இல் ரொறன்ரோவில்தான் நடந்தது. அன்று தோற்ற ரொறன்ரோ ஹஸ்கீஸ் அணி ஒரேயொரு பருவத்தோடு மறைந்துபோயிற்று. கனடாவுக்கு இந்த அனுபவம் புதியதன்று.

1995 இல் ஆடத் தொடங்கும்படி அக்கூட்டமைப்பு ரொறன்ரோவுக்கும் வன்கூவருக்கும் ஒவ்வோர் அணியை வழங்கியது. வழங்கியது என்பதிலும் விற்றது என்பதே பொருத்தம்: ஆர்தர் கிரிபித்ஸ் குடும்பத்தார் வன்கூவர் அணிக்கான உரிமத்துக்கு 12½ கோடி அமெரிக்க டொலர் விலை கொடுத்தனர். பிறந்த அணிக்குக் கிரிஸ்லிஸ் என்று கரடியின் பெயர் சூட்டப்பட்டது. அது தன் முதல் ஆட்டத்தை வென்றது. இரண்டாவது ஆட்டத்தை, சொந்த அரங்கிலே, மேலதிக நேரத்திற் போராடி வென்றது. ஊர் கொண்டாடியது. அடுத்த 19 ஆட்டங்களிலும் தோற்றது. அதே பருவத்திற் பின்னர் 23 ஆட்டங்களிற் தொடர்ந்து தோற்றது. 82 ஆட்டங்களில் 15 வெற்றி. மறு ஆண்டு 14. அதற்கடுத்த ஆண்டு 19. ஆறு பருவங்களையும் கூட்டினால் 460 ஆட்டங்களில் 101 வெற்றியும் 359 தோல்வியும். இறுதிச் சுற்றுக்கு ஒருமுறை தானும் தகுதி பெறவில்லை. ஆயினும் முதலாண்டில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 17,000 பேர் வந்தனர். பனிச்சறுக்கு ஹொக்கியே சமயமாக விளங்கும் ஒரு நாட்டில், தோற்றுக்கொண்டேயிருக்கும் அணிக்கு இத்தனை பேர் திரண்டமை சிறிய செய்தியன்று.

தோல்விக்கு ஆட்டக்காரரின் திறமைக்குறைவே காரணம் என்பது மேலோட்டமான பார்வை. முந்திய பருவத்தில் நலிவுற்ற அணிகளுக்குச் சிறந்த இளைஞரைத் தெரியும் வாய்ப்பு முதலில் கிடைக்கும் என்பதே அக்கூட்டமைப்பின் சமநீதி. ஆனால் புதிய அணிகள் இரண்டுக்கும் ஆரம்ப ஆண்டுகளில் முதல் தெரிவு கிட்டாது என்பதை உள்நுழையும் நிபந்தனைகளுள் ஒன்றாக விதித்திருந்தனர். ஏழைக்கு முன்னுரிமை உண்டு, புதிய ஏழைக்கு இல்லை! 1996 இல் வந்த ஷரீப் அப்துர்ரஹீம் என்னும் இளைஞர் அருமையாக ஆடினார். அவரைச் சுற்றி ஆள் இல்லை. 1999 இல் இரண்டாவதாகத் தெரியப்பட்ட ஸ்டீவ் பிரான்சிஸ் வன்கூவருக்குப் போகவே மறுத்து, ஹூஸ்டன் அணிக்கு மாற்றப்பட்டார். வன்கூவர் மக்கள் அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை. நாம் அவர்களோடு முற்றாக உடன்படுவதற்கில்லை. தான் வேலை செய்யும் நகரைத் தானே தெரியும் உரிமையை உழைப்பவனுக்கு மறுக்கும் ஏற்பாட்டின் குற்றத்தை, அவ்வேற்பாட்டுக்கு இணங்காத ஒருவன் தலையிற் சுமத்துவது எளிது.

பிரயன்ட் ரீவ்ஸ் கதை வேறு. ஒக்லகோமா மாநிலத்தில் சில நூறு பேரே வாழும் சிற்றூரொன்றிலிருந்து வந்த ஏழடி உயரத்து இளைஞர் அவர். கல்லூரிக் காலத்தில் முதன்முறை விமானமேறியபோது தன் நாட்டின் பரப்பைக் கண்டு மலைத்தாராம். தோழர்கள் ‘பெருநாடு’ என்று பட்டம் சூட்டினர். அவருக்கு 1997 இல் ஆறு ஆண்டுகளுக்கு ஆறு கோடி டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் கிடைத்தது. பின்னர் உடல் பருத்தது, முதுகு நொந்தது, ஆட்டம் தளர்ந்தது. பத்திரிகைகள் அவரைப் பரிகசித்தன. அணி இடம்மாறியபின் ஒரு பருவ ஆட்டமும் ஆடமுடியாமல் ஓய்வுபெற்று, சொந்த மண்ணுக்குப் போய் மாடு வளர்க்கத் தொடங்கினார். ஆடிய ஆறு பருவத்தையும் வன்கூவருக்கே தந்தவர் என்பதால், அன்று பரிகசித்த நகரம் இன்று அவரையே அதிகம் நேசிக்கின்றது.

அணியை வீழ்த்தியது ஆடுகளம் அன்று, கணக்கேடு. அரங்கின் வாயிலிற் கிடைத்த வருமானம் கனடிய டொலர். ஆட்டக்காரருக்குக் கொடுக்கவேண்டியது அமெரிக்க டொலர். கனடிய நாணயம் 1998 இல் 65 அமெரிக்கச் சதத்துக்கும் கீழே இறங்கியது. அதே ஆண்டில் அணி உரிமையாளர் எல்லோரும் ஒன்றுகூடி ஆட்டக்காரருக்கு எதிராகக் கதவடைப்புச் செய்தனர். பருவம் 50 ஆட்டங்களாகச் சுருங்கியது. வன்கூவர் அவற்றுள் எட்டை வென்றது. கோடீசுவரரே கதவடைத்தாலும் கதவடைப்புக் கதவடைப்பே: வெளியில் நின்றோருள் அரங்கிற் பணிபுரிந்த சிற்றூழியரும் உண்டு. ரசிகர் தொகை பின்னர் 14,000 இற்கும் கீழே குறைந்தது. கிரிபித்ஸிடமிருந்து அணி முன்னரே ஜோன் மக்கோ என்னும் அமெரிக்கச் செல்வரிடம் போயிருந்தது. அவர் அதனை 2000 இல் மைக்கேல் ஹைஸ்லி என்பவருக்கு விற்றார். அணி வன்கூவரிலேயே இருக்கும் என்று உறுதிகூறியே ஹைஸ்லி வாங்கினார். ஓராண்டு செல்வதற்கு முன்னரே அதனை வேறு நகரத்துக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டார். 2001 ஏப்பிரல் 14 அன்று வன்கூவரில் இறுதி ஆட்டம். எதிரணி ஹூஸ்டன். வழக்கம்போலத் தோல்வி. யூலையில் அனுமதி கிடைத்தது. கரடி தன் பெயரோடும் நிறத்தோடும் மெம்பிஸ் நகருக்குப் போயிற்று. ஆறாண்டுகள் தோல்வியைத் தாங்கிய மக்களிடம் எவரும் ஒரு சொற் கேட்கவில்லை.

கேட்கப்படாதவர்கள் பின்னர் தாமே பேசத் தொடங்கினர். பிலிப்பைன்சிலிருந்து குடியேறிய குடும்பத்தில் வன்கூவரில் வளர்ந்த கேட் ஜெய்மி, 2018 இல் ரீவ்ஸைத் தேடிப்போன கதையை ஒரு குறும்படமாகவும், 2022 இல் அணி போன கதையை நீண்ட ஆவணப்படமாகவும் தந்தார். பழைய ரசிகர் அவற்றிற் கூறுவதைக் கேட்டால், புள்ளிகளின் கணக்கை விட, யாருடன் போயிருந்தோம், எந்த வரிசையில் அமர்ந்தோம் என்பதே பேச்சாயிருப்பது புலனாகும். புதிதாய் வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைக்கு, தன்னைப்போலவே புதிதாய் வந்து தடுமாறும் ஓர் அணி உறவாய்த் தோன்றியதில் வியப்பில்லை. வெல்லும் அணியை எந்த ஊரிலிருந்தும் நேசிக்கலாம். தோற்கும் அணியை அந்த ஊரார்தாம் நேசிக்க முடியும்.

காடு வெட்டிக் களனியாக்கிய எம் குடியேற்றக் கிராமங்களிலும் இதை ஒத்தது உண்டு. வாய்க்காற்கரை மைதானங்களில் உதைபந்தும் கரப்பந்தும் ஆடிய எத்தனையோ கழகங்களின் கிண்ணங்களும் குறிப்பேடுகளும் 2008, 2009 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்விலே போய்விட்டன. வென்ற ஆண்டுகளைக் காட்டக் கிண்ணமில்லை. ஆயினும் கோவிற் திருவிழாவிலோ திருமண வீட்டிலோ முதியவர் இருவர் சந்தித்தால், முன்வரிசையில் யார், பந்து காத்தவர் யார் என்று பெயர் சொல்லி எண்ணுவர்; எண்ணிக்கை ஏழாவது எட்டாவது பெயரில் நின்றுவிடுவதும் உண்டு. வன்கூவரின் இழப்பு இதனோடு ஒப்பிடத்தக்கதன்று. அங்கே எவரும் இறக்கவில்லை. ஓர் ஒப்பந்தம் கைமாறியது, அவ்வளவே. ஆனால் இல்லாமற் போன அணியின் பெயர்ப்பட்டியலை மனத்திலே காப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வர் என்றே நாம் எண்ணுகின்றோம்.

வன்கூவர் அரங்கம் 2010 இல் றோஜர்ஸ் என்ற வணிகப் பெயரைப் பெற்றது. ரொறன்ரோ அணி பருவத்துக்கு முந்திய ஆட்டங்களை ஆட அங்கு வரும்போது, இருக்கைகளில் நீலப்பச்சைச் சட்டைகள் தோன்றும். 2019–20 பருவத்தில் மெம்பிஸ் நிருவாகம், வன்கூவரில் அணி தொடங்கிய 25 ஆவது ஆண்டைக் குறித்து, அதே நீலப்பச்சைச் சட்டையைத் தன் ஆட்டக்காரருக்கு அணிவித்தது. சட்டை விற்பனைக்கும் வந்தது. வன்கூவர் மக்கள் தம் சொந்த நினைவை விலைகொடுத்து வாங்கினர்.