பட்டைக் காயத்துக்கு யார் பொறுப்பு?

மலேசியாவின் பேராக் ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டுத் தொழிலாளி அஞ்சிய பழி, மரத்தைக் காயப்படுத்திவிட்டார் என்பது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே காகிதக் கனத்தில் ஒரு வளர்படலம் உண்டு. உளி அதைத் தாண்டி இறங்கினால் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் மறுபடி வளரும். சில ஆண்டுகள் கழித்து அதே பக்கத்தை வெட்ட வரும்போதுதான் முழு நட்டமும் தெரியும். அதற்குள் அந்த மரநிரையில் எத்தனையோ கைகள் மாறியிருக்கும். கட்டட வேலையிலும் விரிசல் இப்படித்தான் பிந்தி வருகிறது. ஆனால் அங்கே பொறுப்புக் காப்புறுதி எடுத்த கட்டடக் குத்தகையாளருக்கு, குற்றம் மெய்யாகும் முன்பே வழக்காடித் தரும் கடமையைப் பல ஒப்பந்தங்கள் காப்புறுதி நிறுவனத்தின் மேல் வைக்கின்றன. தோட்டத்திலோ பழி சொன்னவரே தீர்ப்பும் சொன்னார்.

கங்காணி இருந்தாரே என்று கேட்கலாம். ஊரிலிருந்து ஆள் அழைத்து வந்தவர், பலருக்கு உறவுக்காரர், துரையிடம் வாய் திறக்கக் கூடியவர். பலருக்காகப் பரிந்து பேசியும் இருப்பார். ஆனால் ஆள் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, வந்த ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு கொடுத்தது தோட்டம். படியளப்பவரை எதிர்த்து எவ்வளவு தூரம் வாதாட முடியும்? இந்திய அரசு அனுப்பிய சீனிவாச சாஸ்திரி தம் 1937 அறிக்கையில் கங்காணி ஆள்சேர்ப்பை நிறுத்தச் சொன்னார். 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலியாள் அனுப்புவதையே தடுத்தது. ஆள்சேர்ப்பு நின்றதால் மட்டும் பழிசுமந்தவருக்குத் துணை வந்துவிடவில்லை. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோதுதான் உண்மையான மாற்றம் வந்தது என்பேன். காப்புறுதிக்குத் தவணைப்பணம்போல் தொழிலாளியே சந்தா கட்டினார். பேச வந்தவர் அவருடைய ஆள்.

அந்தத் துணை நிலைக்கவில்லை. 1950-களில் வெள்ளையர் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. 100 ஏக்கருக்குக் குறைந்த துண்டு தோட்டக் கணக்கிலேயே சேராது. அங்கே வேலை குத்தகையாளர் கைக்குப் போனது, சங்கத்தின் கை எட்டவில்லை. சுங்கை சிப்புட்டில் பிறந்த ம.இ.கா. தலைவர் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் கண்டது இந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான். சட்டம் கைவிடவில்லையே என்பார்கள். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, குத்தகையாளர் தராத கூலிக்கு வேலை கொடுத்த முதலாளியையும் சேர்த்தே பொறுப்பாக்குகிறது. நல்ல பிரிவுதான். ஆனால் முதலாளியின் பொறுப்பு மூன்று மாதக் கூலியோடு நின்றுவிடும். 90 நாளுக்குள் புகாரும் கொடுத்தாக வேண்டும். அதிலும் அது பாக்கிக் கூலிக்கான வழி. மரத்தைக் கெடுத்தாய், நாளை வராதே என்று குத்தகையாளர் சொல்லிவிட்டால், அந்தக் காயம் யார் உளியால் பட்டது என்று கேட்க இந்தப் பிரிவு யாரையும் அனுப்புவதில்லை.