பனியோடையும் கண்டல் வேரும்



சிங்கப்பூரின் வடமேற்கே சுவா சூ காங் என்றொரு வட்டாரம் உண்டு. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள் நிறைந்திருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனர்கள் அங்கே ஆற்றோரக் காட்டை அழித்துக் கம்பியரும் மிளகும் பயிரிட்டார்கள். ‘சுவா’ என்பது தலைமை வகித்த குடும்பத்தின் பெயர். ‘காங்’ என்பது ஆற்றங்கரை. பிறகு ரப்பர் வந்தது. சிங்கப்பூரின் பால்மரக் காடுகளில் நம்மவரும் உழைத்தார்கள்.

சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளை அந்தப் பக்கம் அழைத்துச் சென்றிருந்தோம். கிராஞ்சிக் கரையோரம் கண்டல் மரங்களைக் காட்டினோம். மலாய்க்காரர் பாக்காவ் என்று சொல்லும் மரம் அதுதான். “இந்தச் சேற்றுக்கும் தென்துருவப் பனிக்கும் தொடர்பு உண்டு” என்றோம். “அது எப்படி ஐயா?” என்று ஒரு சிறுமி கேட்டாள். அவளுக்குச் சொன்ன விடையே இன்றைய பேச்சு.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய மட்டத்தைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது சிங்கப்பூர் தீவு அன்று. மலாயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ யாவும் ஒரே நிலம். சுவா சூ காங்கிலிருந்து கடல் தாண்டாமலே சுமத்ராவுக்கு நடந்து போயிருக்கலாம். கடல்நீர் எங்கே போயிற்று? வட அமெரிக்காவையும் வட ஐரோப்பாவையும் மூடிய மாபெரும் பனிப்பாளங்களாக உறைந்து நின்றது. தென்துருவத்துப் பாளமும் இன்றைக்கு இருப்பதைவிடப் பெரிதாயிருந்தது.

பனிப்பாளம் அசையாத பாறை அன்று. மேலே விழும் பனி அழுந்தி அழுந்திக் கட்டியாகிறது. தன் பாரத்தாலேயே அது பிசைந்த மாவைப்போல விளிம்பை நோக்கிப் பரவுகிறது. பெரும்பகுதி ஆண்டுக்குச் சில மீட்டர்தான் நகரும். ஆனால் சில இடங்களில் அகன்ற ஆறுபோல ஆண்டுக்குச் சில நூறு மீட்டர் ஓடும். இதையே பனியோடை என்கிறோம். பால்மரத்தில் பட்டை முழுவதும் பால் இருந்தாலும், சீவிய கோட்டின் வழியாகத்தானே அது மங்கில் வந்து சேருகிறது? அதுபோலத் தென்துருவத்திலிருந்து கடலுக்குப் போகும் பனியின் பெரும்பங்கு இந்தச் சில ஓடைகள் வழியாகவே போகிறது.

ஓடை மட்டும் விரைவதேன்? 1986-ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் இதற்கு ஒரு விளக்கம் கண்டார்கள். மேற்கு அண்டார்டிக்காவில் ஓர் ஓடையின்மேல் சிறு வெடி வைத்து, அடியிலிருந்து திரும்பிய அதிர்வைக் கேட்டார்கள். ஒரு கிலோமீட்டர் தடித்த பனிக்குக் கீழே சில மீட்டர் ஆழத்துக்கு நீர் ஊறிய சேறு இருந்தது. பூமியின் உள்வெப்பத்தாலும் உராய்வாலும் பனியின் அடி கசிகிறது, அந்த நீர் மண்ணைக் குழைக்கிறது, பனி வழுக்குகிறது. அடைமழைக்குப் பின் மலைச்சரிவு மண் சரிவதை நாம் கண்டதில்லையா? அங்கே சரிவு மிகக் குறைவு. சேறே பனியை விரைவாக வழுக்கவிடுகிறது.

ஓடை நிற்பதும் உண்டு. அதே பகுதியில் ‘காம்ப்’ என்னும் ஓடை, சுவா சூ காங்கில் கம்பியர் பயிரிட்ட அந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே நின்றுவிட்டது. ஓடையின் பழைய வெடிப்புகள் இன்று பனியடியில் புதைந்திருக்கின்றன. எவ்வளவு ஆழத்தில் என்று ரேடார் கருவியால் அளந்து காலத்தைக் கணக்கிட்டார்கள். அடியில் நீர் குறைந்ததே காரணம் என்கிறார்கள். ஓடை நின்றதும் அங்கே பனி சேர்ந்து தடிக்கிறது. ஓடை விரைந்தால் உள்நாட்டுப் பனியும் இழுக்கப்பட்டுப் பாளம் மெலிகிறது. பாளத்தின் உருவத்தை ஓடைகளே பெரிதும் அமைக்கின்றன. பழைய ஓடைகள் தரையில் நீண்ட இணைவரப்புகளையும் விட்டுச் சென்றிருக்கின்றன. கனடாவில் அவற்றைச் செயற்கைக்கோள் படங்களில் காணலாம்.

பழைய பாளங்கள் கரைந்தபோது இங்கே என்ன நடந்தது? கண்டல் மரம் அலை ஏறி இறங்கும் கரையில்தான் வளரும். கடல் ஏறினால் அது மூழ்கிச் சேற்றில் புதையும். புதைந்த வேரின் வயதை அறிந்தால், அந்நாளில் கடல் எங்கே நின்றது என்பது தெரியும். தென்சீனக் கடலடியில் சுந்தா மேடையில் குழாய் இறக்கி எடுத்த சேற்றை ஆராய்ந்து, ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் 2000-ஆம் ஆண்டில் ஒரு செய்தியை வெளியிட்டனர். ஏறத்தாழ 14,600 ஆண்டுகளுக்கு முன், 300 ஆண்டுகளில் கடல் 16 மீட்டர் ஏறியது. அறுபது வயது வாழ்ந்தவர் தம் வாழ்நாளில் மட்டும் கடல் 3 மீட்டர் ஏறக் கண்டிருப்பார். சிங்கப்பூரின் தென் மரினாவில் எடுத்த சேறும் இத்தகைய கதையையே சொல்கிறது: 9,500 ஆண்டுகளுக்கு முன் சுமார் 20 மீட்டர் கீழே நின்ற கடல், 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை நெருங்கிவிட்டது.

பிள்ளைகளுக்கு ஒரு சோதனை செய்து காட்டினோம். டம்ளர் நிறைய தண்ணீரில் மிதக்கும் ஐஸ்கட்டி உருகினால் தண்ணீர் வழியாது. வெளியிலிருந்து இன்னொரு கட்டியைப் போட்டால் உடனே வழியும். பனியோடை செய்வது இரண்டாவது வேலை. தரையிலுள்ள பனி கடலில் வந்து விழுந்ததுமே மட்டம் ஏறிவிடுகிறது. அது உருகும்வரை காத்திருப்பதில்லை. ஓடையின் முகத்தில் மிதக்கும் பனித்தட்டு வாய்க்காலின் வரப்புபோல ஓட்டத்தைத் தடுக்கிறது. வெதுவெதுப்பான கடல்நீர் அத்தட்டை அடியிலிருந்து அரித்தால் ஓட்டம் கூடும். மேற்கு அண்டார்டிக்காவின் பைன் தீவுப் பனியாறு 1970களில் ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் நகர்ந்தது. இப்போது 4 கிலோமீட்டருக்கும் மேல் நகர்கிறது.

சிங்கப்பூர் நிலத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு, கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டர் உயரம்கூட இல்லை. கடல்தடுப்புக்கு 100 ஆண்டு காலத்தில் 10,000 கோடி வெள்ளியோ அதற்கு மேலோ தேவைப்படலாம் என்று 2019-ஆம் ஆண்டு அந்நாட்டுப் பிரதமர் அறிவித்தார். பணமுள்ள நாடு சுவர் எழுப்பிக்கொள்ளும். நம்மில் பலர் தோட்டத்தை விட்டு இறங்கி, நிலம் மலிவாகக் கிடைக்கும் தாழ்ந்த இடங்களில் குடியேறி வருகிறோம். வீட்டுமனை வாங்கும்போது விலையை மட்டும் கேட்காமல், அந்த நிலம் கடலுக்கு எவ்வளவு மேலே இருக்கிறது, பெருமழையில் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்றும் கேட்க வேண்டும்.

ஐஸ்கட்டிச் சோதனையை இன்று மாலையே உங்கள் பிள்ளைகளோடு செய்து பாருங்கள்.