ஒரே சீட்டில் இரண்டு தோல்

லெதர் சீட் என்று கூடுதல் விலைக்கு விற்கப்படும் கார்கள் பலவற்றில் முதுகும் தொடையும் படுகிற இடம் மட்டுமே மாட்டுத்தோல். பக்கவாட்டு, சீட்டின் பின்புறம், கதவுப் பலகை எல்லாம் பிவிசி. விலை குறைந்த மாடல்களில் மாட்டுத்தோல் துளியும் இருக்காது; பியூ எனப்படும் பாலியூரித்தேன் பூசிய துணிதான். ஆகவே அசலையும் செயற்கையையும் ஒப்பிட இரண்டு கார்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரே காரில், பினாங்கின் ஒரே வெயிலிலும் புழுக்கத்திலும், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் மூப்படைகின்றன. மூப்படையும் விதம்தான் வேறு.

மாட்டுத்தோலுக்கு எதிரி வறட்சி என்பது பாட்டில் விளம்பரங்களின் பல்லவி. வெடிக்காமல் இருக்க மாதந்தோறும் கண்டிஷனர் பூசச் சொல்கிறார்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் நாடுகளில் அதற்கு ஓரளவு நியாயம் உண்டு. ஜோர்ஜ் டவுனில் காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. இங்கே தோல் ஈரத்துக்கு ஏங்குவதில்லை. தவிர, கார்த் தோலின் அமைப்பே வேறு. அது பெரும்பாலும் குரோமிய உப்பில் பதனிட்டு, நிறம் ஏற்றி, அதற்கும் மேல் மெல்லிய பாலியூரித்தேன் பூச்சு கொடுக்கப்பட்டது. திண்டுக்கல், ஈரோட்டுப் பக்கம் ஆவாரம்பட்டையில் பதனிட்ட பழைய பாணித் தோலாக இருந்தால் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். கார் சீட்டில் பூசுவது பெரும்பாலும் பூச்சின் மேலேயே தங்கிவிடுகிறது. தூசி அதில் ஒட்டும். பள்ளி விடுமுறைக்கு ஊர் போனவர்களின் கார் இரண்டு வாரம் பூட்டிக் கிடந்தால், பூஞ்சைக்கு அதுவே தீனி. வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்துத் தோலுக்கு 'உணவு' ஊட்டுகிறவர்கள் பலர் உண்மையில் ஊட்டுவது இந்தப் பூஞ்சைக்குத்தான்.

செயற்கையைப் பூஞ்சை அவ்வளவு எளிதில் பிடிப்பதில்லை. ஆனால் அதிலும் இரண்டு சாதி உண்டு. கடைக்காரர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால் வாங்குகிறவர் ஏமாறுகிறார். பியூவின் பகை ஈரமேதான். மலிவான பியூவில் உள்ள எஸ்டர் பிணைப்புகளைக் காற்றிலுள்ள நீர் மெல்ல மெல்ல அறுக்கிறது. சூடு அதை விரைவுபடுத்துகிறது. வெளியே ஒரு கீறலும் இருக்காது. ஒருநாள் மேல்தோல் செதில் செதிலாகச் சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும். எவ்வளவு துடைத்தாலும் பூசினாலும் இது நிற்காது. நிழலில் நிறுத்தினால் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவே.

பிவிசிக்கு இந்த நோய் கிடையாது. அது வளைவதற்குக் காரணம் உள்ளே கலந்திருக்கும் இளக்கிகள். சூட்டில் அவை ஆவியாகி வெளியேறுகின்றன. முன்கண்ணாடியின் உட்புறம் படியும் எண்ணெய்ப் புகைப் படலத்தில் அவற்றின் பங்கும் உண்டு. இளக்கி குறையக் குறையச் சீட்டு விறைத்து வெடிக்கும். தின்னர் போட்டுத் துடைத்தால் அந்த நாள் முன்கூட்டியே வரும். நல்ல பிவிசி எவ்வளவு உழைக்கும் என்பதற்குப் பழைய மெர்சிடிஸ்களின் எம்பி-டெக்ஸ் சீட்டுகளே சாட்சி.

வெயில் விஷயத்தில் சட்டத்துக்கும் ஒரு கை உண்டு. மலேசியாவில் 2019 மே மாதம் முதல் பின்பக்கக் கண்ணாடிகளை எவ்வளவு வேண்டுமானாலும் கருக்கலாம். முன்கண்ணாடி 70 சதவீத ஒளியையும், முன் கதவுக் கண்ணாடி 50 சதவீதத்தையும் உள்ளே விட்டாக வேண்டும். முன் சீட்டு முதலில் கிழடாவதற்கு ஓட்டுநரின் உடல் எடை மட்டும் காரணமல்ல. பாடாங் கோத்தா கடலோரத்தில் மதியம் நிறுத்துகிறவர்கள் முன்கண்ணாடிக்கு ஒரு மறைப்பு வைத்தால், எந்தப் பாட்டிலைவிடவும் அது மலிவு.

கறைகளில் நம் வீட்டு விவகாரங்கள் வேறு. தலைசாய்ப்பில் தேங்காய் எண்ணெய். தைப்பூசத்தன்று தண்ணீர்மலையிலிருந்து திரும்பும் காரில் திருநீறும் மஞ்சளும். நாசி கண்டார் பொட்டலத்திலிருந்து கசிந்த குழம்பு. பூச்சு முழுமையாக உள்ள மாட்டுத்தோலில் உடனே துடைத்தால் மஞ்சள் பெரும்பாலும் வந்துவிடும். வெளிர் நிற பிவிசியில் அது உள்ளே இறங்கிவிடும், ஜீன்ஸ் சாயத்தைப் போலவே. ஒரு சின்ன ஆறுதல்: மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுக்கும். தலைசாய்ப்பு எண்ணெய்க்கு அந்தச் சலுகை இல்லை. ஒரு துண்டைப் போர்த்திவிடுவதே மேல்.

துடைக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான், ஏனென்றால் துணி படுவது இரண்டிலும் பூச்சின் மேல். முதலில் மணலையும் தூசியையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் துடைப்பதே உரசலாகிவிடும். மென்மையான சோப்பை நீரில் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, நிழலில் துடைத்து, காய்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். துணி துவைக்கும் தூள் வேண்டாம், காரம் அதிகம். வெள்ளை மெலமின் ஸ்பஞ்சு கறையோடு பூச்சையும் தேய்த்து எடுத்துவிடும். துளையிட்ட சீட்டில் நேரடியாகத் தெளித்தால் நீர் பஞ்சுக்குள் இறங்கும். பளபளவென மினுக்கும் சிலிக்கோன் தெளிப்புகள் என் கணக்கில் வீண் செலவு.

அதற்குப் பிறகு வழி பிரிகிறது. மாட்டுத்தோல் உள்ள கார் மூச்சுவிட வேண்டும். வாரம் ஒருமுறையாவது கதவுகளைத் திறந்து போட வேண்டும், ஏர்கோனை அணைத்தபின் சில நிமிடம் விசிறியை மட்டும் ஓடவிட வேண்டும். பினாங்கின் 2017 நவம்பர் வெள்ளம் போல் நீர் உள்ளே புகுந்தால் சீட்டைக் கழற்றி, வெயிலில் அல்லாமல் நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும். நனைந்த தோல் வெயிலில் காய்ந்தால் சுருங்கி விறைக்கும். பிவிசியின் மேற்பரப்பு நனைவதைப் பொருட்படுத்தாது. ஆனால் நீரை வெளியே விடாத அதே குணத்தால் அடியிலுள்ள பஞ்சு காயாமல் நாறும். வெள்ளத்தில் இரண்டுமே தோற்றவைதான்.

பழுது பார்ப்பதில் மாட்டுத்தோல் தெளிவாக முந்துகிறது. நிறம் தேய்ந்த இடத்தில் பூச்சு ஏற்றலாம், சிறு வெடிப்பை நிரப்பலாம். உரிந்த பியூவை ஒன்றும் செய்ய முடியாது, முழுவதும் மாற்ற வேண்டும். அப்படி மாற்ற குஷன் கடைக்குப் போகிறவர், குடும்பமாக ஓட்டும் காராக இருந்தால், பின் சீட்டுக்கு நல்ல பிவிசியும் முன் இரண்டுக்கு மாட்டுத்தோலும் போடச் சொல்லலாம். மாதிரித் துண்டைப் புரட்டிப் பார்த்தால் தோலின் அடியில் நார் தெரியும். செயற்கையின் அடியில் பின்னிய துணி இருக்கும். அந்தச் செயற்கை பியூவா பிவிசியா என்பது புரட்டினாலும் தெரியாது. அதைக் கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.