வலை பின்னுதல்: செங்கல்பட்டு, மாமல்லபுரக் கடற்கரை

வலை பின்னுதல் என்பது நூலை முடிச்சு முடிச்சாக இணைத்து, ஒரே அளவுள்ள கண்ணிகள் கொண்ட பரப்பாக்கும் கைத்தொழில். செங்கல்பட்டு மாவட்டக் கடலோரத்தில் முட்டுக்காடு, கோவளம், நெம்மேலி, பட்டிபுலம், தேவநேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று தொடரும் குப்பங்களிலும், பாலாற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே கூவத்தூரை அடுத்த கடலூர்க் குப்பங்களிலும் இது தலைமுறைகளாக நடந்து வருகிறது. வலைப்பரப்பு இன்று ஆலைகளிலிருந்து வருகிறது. அதைக் கயிற்றில் ஏற்றிக் கடலுக்கு ஏற்ற கருவியாக்குவதும், கிழிந்ததைச் செப்பனிடுவதும் இன்னும் கைவேலைதான். இக்கரையில் இத்தொழிலை முதன்மையாகச் செய்பவர்கள் பட்டினவர் சமூகத்து ஆண்கள். பெண்கள் மீன் விற்பனையையும் கருவாட்டுத் தொழிலையும் கவனித்துக்கொள்கின்றனர்.

இக்கரை நீண்ட மணற்கரை. இயற்கைத் துறைமுகம் இல்லை. அலை கரையிலேயே உடைகிறது. கடலுக்குப் போன கலத்தை அன்றன்றே மணலுக்கு இழுத்துவிட வேண்டும் என்பதால் இங்கு நெடுங்காலம் கட்டுமரமே ஆண்டது. கட்டுமரத்தில் ஏற்றக்கூடியதாக, தோளில் சுமந்து மணலைக் கடக்கக்கூடியதாக வலையும் இருக்க வேண்டியிருந்தது. ஆகவே பெரிய வலைகளும் சிறு துண்டுகளாகப் பின்னப்பட்டு, தேவைக்கேற்ப ஒன்றோடொன்று கோக்கப்பட்டன. ஒவ்வொரு வீடும் தனக்கான துண்டைத் தானே பின்னிக்கொள்ள இது வழிசெய்தது. பிடிபட்ட மீனைப் பங்கு வைக்கும்போது ஆளுக்கு ஒரு பங்கு என்பதோடு வலைக்கும் தனிப் பங்கு ஒதுக்கும் வழக்கமும் இதனால் பொருளுடையதாகிறது.

முடிச்சிட்ட வலை மனிதர் செய்த மிகப் பழைய கருவிகளுள் ஒன்று. 1913-இல் அன்றைய பின்லாந்தின் அன்ட்ரியா என்ற இடத்தில் கிடைத்த வில்லோ மரநார் வலை சுமார் 10,000 ஆண்டுப் பழமையுடையது. இக்கரை அடங்கிய தொண்டை நாட்டைப் பொறுத்தவரை பழைய எழுத்துச் சான்று பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன் மீது பாடிய இந்நூல், காஞ்சிக்குச் செல்லும் வழியில் உள்ள குடியிருப்புகளுள் ஒன்றாக வலைஞர் குடியிருப்பையும் விவரிக்கிறது. அதில் வரும் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தை மாமல்லபுரமாகக் கொள்ளும் ஆய்வாளர்களும் உண்டு. பாலாற்று முகத்துவாரத்தை ஒட்டிய வசவசமுத்திரத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் ரோமானிய வணிகக் காலத்து மட்கலங்கள் வெளிப்பட்டன. இக்கரையில் கடலை நம்பிய வாழ்க்கை பல்லவர் கற்கோயில்களைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது என்பதில் ஐயமில்லை.

நைலான் வருவதற்கு முன் வலைக்கு மூன்று நார்கள் பயன்பட்டன. செவுள்வலை போன்ற மெல்லிய வலைகளுக்குப் பருத்தி நூல். பளு தாங்க வேண்டியவற்றுக்குச் சணப்பு. கரையிலிருந்து பலர் சேர்ந்து இழுக்கும் பெரிய வலையின் இழுகயிறுகளுக்கும் அகன்ற கண்ணிகளுக்கும் தென்னங்கயிறு. கடைசியாகச் சொன்ன பெரிய வலை, பின்னலின் நுட்பத்தை நன்றாகக் காட்டுவது. வலையின் இரு கைகளும் மிகப் பெரிய கண்ணிகளோடு தொடங்கும்; நடுவிலுள்ள மடியை நெருங்க நெருங்கக் கண்ணி சிறுத்துக்கொண்டே வரும்; மடியில் நெத்திலிகூடத் தப்பாது. கைப்பகுதி மீனை அச்சுறுத்தி உள்ளே திருப்பினால் போதும், பிடிக்க வேண்டியதில்லை. அதனால்தான் அங்கே நூலும் உழைப்பும் சிக்கனம் செய்யப்பட்டன.

பருத்தியும் சணப்பும் ஈரத்தில் அழுகும் நார்கள். அவற்றைக் காப்பதற்குப் பின்னுவதற்கு இணையான உழைப்பு தேவைப்பட்டது. கடலிலிருந்து வந்ததும் வலையை அலசி மணலில் விரித்து உலர்த்துவார்கள். புளியங்கொட்டைத் தோல், துவர்ப்புள்ள மரப்பட்டை முதலியவற்றைக் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றில் அவ்வப்போது வலையை ஊறப்போடுவார்கள். துவர்ப்புப் பொருள் நாரில் ஏறி அழுகலைத் தள்ளிப்போடும். வலைக்குச் செம்பழுப்பு நிறமும் கொடுக்கும். இத்தனைக்குப் பிறகும் பருத்தி வலையின் ஆயுள் குறைவுதான். ஒரு வலை கடலில் இருக்கும்போதே அடுத்த வலைக்கு நூல் முறுக்கத் தொடங்கிவிட வேண்டும். பின்னல் வேலை ஓயாத வேலையாக இருந்ததற்கு இதுவே காரணம். சென்னை மாகாணத்தில் மீன்வளத்துக்கென்று அரசுப் பணி சர் ஃபிரெட்ரிக் நிக்கல்சன் முயற்சியால் 1907-இல் துறையாக உருப்பெற்றது. அத்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1925-இல் சோழமண்டலக் கரையின் மீன்பிடி முறைகளைத் தொகுத்து வெளியிட்டார். கையால் நூல் முறுக்கிய காலத்து வலைகளைப் பற்றிய முறையான பதிவுகளுள் அது முக்கியமானது.

பின்னலுக்குரிய கருவிகள் இரண்டே. ஒன்று வலை ஊசி: மூங்கிலில் அல்லது மரத்தில் செதுக்கியது, இப்போது பிளாஸ்டிக்கில் கிடைப்பது. நடுவில் நாக்குப் போன்ற முனையும் அடியில் பிளவும் இருக்கும். நூல் அவற்றில் மாறி மாறிச் சுற்றப்படும். மற்றொன்று கண்ணியின் அளவைக் காக்கும் தட்டையான பட்டை. நூலைப் பட்டையைச் சுற்றிக் கொண்டுவந்து, மேல்வரிசைக் கண்ணிக்குள் ஊசியை நுழைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, பின்புறமாகச் சுற்றி இறுக்கினால் ஒரு முடிச்சு. நெசவாளர் அறுந்த இழையை இணைக்கப் போடும் முடிச்சும் அடிப்படையில் இதுவே. இழுக்க இழுக்க இறுகுவது இதன் குணம். கண்ணியை விரற்கணக்கில் சொல்வது மீனவர் வழக்கம். ஆய்வு நிறுவனங்கள் கண்ணியை நீட்டிப் பிடித்து எதிரெதிர் முடிச்சுகளுக்கு இடையிலான தூரத்தை மில்லிமீட்டரில் அளக்கின்றன. கானாங்கெளுத்திக்கு ஏற்ற சுமார் 50 மி.மீ. கண்ணியை எடுத்துக்கொள்வோம். சதுரமாக விரிந்த நிலையில் ஒரு சதுர மீட்டரில் 1,600 கண்ணிகள், ஏறக்குறைய அத்தனை முடிச்சுகள். 100 மீட்டர் நீளமும் 5 மீட்டர் ஆழமும் உள்ள வலையில் 8 லட்சம் முடிச்சுகள் இருக்கும். இவ்வளவையும் கையால் போட்டவர்களின் பொறுமையை எந்த அளவுகோலாலும் குறைத்து மதிப்பிட முடியாது.

பின்னல் என்ற பெயர் ஒன்றே ஆனாலும், காலுறை, கம்பளிச் சட்டை முதலியவற்றின் ஊசிப் பின்னலில் முடிச்சே கிடையாது. ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம் இழுக்கப்படுகிறது. ஓர் இழை அறுந்தால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். வலையில் ஒவ்வொரு கண்ணியும் தன் முடிச்சால் தனித்து நிற்பதால், சுறா கடித்த ஓட்டை அந்த அளவிலேயே நிற்கிறது. எந்திரங்களின் வரலாற்றிலும் இவ்வேறுபாடு தெரிகிறது. இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் எந்திரத்தை 1589-இலேயே செய்துவிட்டார். முடிச்சு வலைக்கு நடைமுறையில் பயன்பட்ட எந்திரம், ஸ்காட்லாந்தின் மசல்பரோ ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் பேட்டர்சன் 1820-இல் உருவாக்கிய வலைத்தறி. வளையத்தை இழுப்பது கொக்கிக்கு எளிது. வளையத்தின் ஊடாக நூல் முழுவதையும் கடத்தி முடிச்சிடுவது கைக்கு எளிது, எந்திரத்துக்குக் கடினம். இடைப்பட்ட 230 ஆண்டுகளின் பொருள் அதுதான்.

ஆனாலும் இரு கலைகளும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு: வீச்சு வலை. முட்டுக்காடு, கோவளம் கழிமுகங்களிலும் சதுரங்கப்பட்டினம் உப்பங்கழியிலும் ஒருவர் தனியாக நின்று வீசும் இவ்வலை, உச்சியில் சில கண்ணிகளோடு தொடங்குகிறது. குறித்த இடைவெளிகளில் வரிசைதோறும் கூடுதல் கண்ணிகளைச் சேர்த்துச் சேர்த்து அதை வட்டமாக விரிக்கிறார்கள். கம்பளிக் குல்லாய் பின்னுபவர் தையல்களைக் கூட்டி வடிவம் கொண்டுவருவதும் இதே கணக்கில்தான். எங்கே, எத்தனை கண்ணிக்கு ஒரு முறை கூட்டுவது என்பதில் பின்னுபவரின் கைவாகு வெளிப்படும். கணக்குத் தவறினால் வீசும்போது வலை முழுவட்டமாகத் திறக்காது. ஆலையில் செவ்வகமாக வரும் வலையை வெட்டித் தைத்தால் இந்தச் சரிவு இயல்பாக அமைவதில்லை. அதனால் கையால் பின்னிய வீச்சு வலைக்கு மதிப்பு இன்னும் இருக்கிறது.

பெரிய மாற்றம் நைலானோடு வந்தது. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் 1935-இல் உருவாக்கிய இச்செயற்கை நார் நீரில் அழுகாது, பருத்தியைவிட வலுவானது, மெல்லியதாக இருப்பதால் மீன் கண்ணுக்கு எளிதில் படாது. இந்தியாவில் 1950-களின் பிற்பகுதியிலிருந்து இது பரவத் தொடங்கியது. 1957-இல் கொச்சியில் நிறுவப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் செயற்கை நார் வலைகளின் வடிவமைப்பையும் கண்ணி அளவுகளையும் ஆராய்ந்து பரப்பியது. புளியங்கொட்டைச் சாறு காய்ச்சும் வேலை ஒரு தலைமுறைக்குள் மறைந்தது. நைலான் வழுக்கும் நூல் என்பதால் பழைய ஒற்றை முடிச்சு அதில் நகர்ந்துவிடும். அதற்காக இரட்டை முடிச்சும், ஆலையில் சூடேற்றி முடிச்சை உறையச்செய்யும் முறையும் வந்தன. கையால் முழு வலை பின்னுவது பொருளற்றதாயிற்று. இதன் அடி எல்லாக் கரைகளிலும் ஒன்றுபோல் விழவில்லை. கன்னியாகுமரிக் கரையில் வீட்டுத் திண்ணைகளில் வலை முடைந்து வருமானம் ஈட்டிய பெண்கள், ஆலை வலை வந்ததும் அந்த வருமானத்தை இழந்தனர். மாமல்லபுரக் கரையில் வலைவேலை ஆண்களிடம் இருந்ததால் வேலையின் தன்மை மாறியதே தவிர, வேலை கையைவிட்டுப் போகவில்லை.

மாறிய வேலையின் மையம் வலை கட்டுதல். ஆலையிலிருந்து வரும் பரப்பு வெறும் துணிபோன்றது. மேல்கயிற்றில் மிதவைகளும் அடிக்கயிற்றில் ஈயக் குண்டுகளும் கோத்து, பரப்பை அவற்றோடு இணைத்த பிறகே அது வலையாகிறது. இங்கே தீர்மானிக்க வேண்டியது, எவ்வளவு நீளப் பரப்பை எவ்வளவு நீளக் கயிற்றில் ஏற்றுவது என்பது. 100 மீட்டர் பரப்பைச் சுமார் 71 மீட்டர் கயிற்றில் ஏற்றினால் கண்ணி சதுரமாக நின்று பரப்பு மிகுதியாகும். 50 மீட்டரில் ஏற்றினால் கண்ணி நெட்டையாகித் தளர்ந்து தொங்கும். மீன் செவுளில் மாட்டுவதோடு சுற்றிச் சிக்கவும் செய்யும். செவுள்வலைகளை இந்த இரண்டாம் அளவை ஒட்டிக் கட்டுவதே பரவலான முறை. கவலை மீனுக்குச் சிறு கண்ணி, வஞ்சிரத்துக்கு 100 மி.மீ.க்கு மேற்பட்ட கண்ணி, நண்டுக்குத் தனி வலை என்று மீனுக்கேற்ப அளவு மாறும். இறாலுக்கு மூன்று அடுக்காகக் கட்டும் வலையை டிஸ்கோ வலை என்கிறார்கள்.

செப்பனிடுதலே இன்று அன்றாட வேலை. நல்ல வலையில் ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் நான்கு கால்கள் பிரியும். கிழிசலை அடைக்குமுன் அதன் ஓரத்தைக் கத்தியால் ஒழுங்குபடுத்துவார்கள். தொடங்கும் முடிச்சிலும் முடிக்கும் முடிச்சிலும் மும்மூன்று கால்களும், இடைப்பட்ட எல்லாவற்றிலும் இரண்டிரண்டு கால்களும் எஞ்ச வேண்டும். அப்போதுதான் நூல் ஒரே ஓட்டமாக, அறுக்காமல், வரிசை மாறி மாறிச் சென்று ஓட்டையை முழுதும் நிரப்பும். நல்லதை வெட்டினால்தான் கெட்டது சரியாகும் என்பது புதிதாகக் கற்பவருக்கு முதலில் திகைப்பாக இருக்கும். எங்கே வெட்டுவது என்று பார்த்தவுடன் சொல்வதே தேர்ந்தவரின் அடையாளம்.

இந்தக் கலை கைமாறும் இடம் குப்பத்து நிழல். சிறுவர்கள் முதலில் ஊசிக்கு நூல் சுற்றித் தருவார்கள், பிறகு நேர்வரிசை, கிழிசல் வெட்டுவது கடைசிப் பாடம். ஒருவர் வலையை இன்னொருவர் இழுத்துப் பிடித்தால்தான் வேலை ஓடும் என்பதால் இது இயல்பிலேயே கூட்டு வேலை. கடல் நிலவரம், மீன்பாடு, ஊர்ப் பஞ்சாயத்துச் செய்திகள் எல்லாம் வலைமேல் குனிந்தபடியே பேசித் தீர்க்கப்படுகின்றன. இத்தொழிலின் இன்பத்தில் பாதி அந்தப் பேச்சில் இருக்கிறது என்றால் மிகையாகாது. அரசும் இந்தத் தேவையை உணர்ந்து, தமிழக மீனவர் ஊர்கள் பலவற்றில் வலை பின்னும் கூடங்களைக் கட்டித் தந்துள்ளது. தூண்களும் கூரையும் மட்டுமே கொண்ட திறந்த கட்டடங்கள் இவை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நீளும் மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்கானது. இங்குள்ள சிறு படகுகளுக்கு அது பொருந்தாததால், வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் நாட்களிலேயே கூடங்கள் நிறைகின்றன.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கரையில் குவித்து வைத்திருந்த வலைகள் குப்பம் குப்பமாக அடித்துச் செல்லப்பட்டன. நிவாரணத்தோடு ஃபைபர் படகுகள் பெருகிக் கட்டுமரம் அருகியது, வலைகளும் நீண்டன. கூடவே தங்கூசி வலையின் பயன்பாடும் வளர்ந்தது. ஒற்றை இழையாலான இது விலை மலிவு, ஆனால் செப்பனிட உகந்ததன்று. கிழிந்தால் தூக்கி எறிவதே வழக்கம். கடலில் தொலையும் நைலானும் தங்கூசியும் அழுகாமல் கிடந்து, ஆளில்லாமலே மீனைக் கொல்கின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிட இக்கரைக்கு வரும் பங்குனி ஆமைகளும் அவற்றில் சிக்கி மடிகின்றன. கிழிந்ததைச் செப்பனிட்டு மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் பழக்கம் குறைந்ததற்குக் கடல் கொடுக்கும் விலை இது.

வலைத் தொழில்நுட்பம் இன்று மீன்வளப் பட்டப்படிப்பில் ஒரு பாடம். 1963-இல் கொச்சியில் தொடங்கிய மத்திய மீன்பிடிப் பயிற்சி நிறுவனம் தன் சென்னைப் பிரிவிலும் அதைக் கற்பிக்கிறது. ஆனால் மாமல்லபுரக் கரையின் வலைகளுக்கே உரிய கண்ணிக் கணக்குகளும், வீச்சு வலையில் கண்ணி கூட்டும் முறைகளும் பெரும்பாலும் மூத்த மீனவர்களின் கைகளிலேயே இருக்கின்றன. அவர்கள் பின்னிக்கொண்டிருக்கும்போதே அவற்றை அளந்து, படம் வரைந்து, தமிழில் பதிவு செய்வது உடனே தொடங்க வேண்டிய பணி.