பேரரசரும் சிறுவர்களும் ஏறிய கப்பல்

போர்க்கப்பல்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவை வென்ற போர்களோடு நிறுத்திக்கொள்கின்றனர். 'பெல்லரோஃபோன்' என்னும் ஆங்கிலேயக் கப்பலின் வாழ்வை அதன் இறுதி நாள்வரை தொடர்ந்து நோக்கினால், போர்முனையில் புலப்படாத வேறோர் உண்மை நமக்குப் புலப்படும்.

இங்கிலாந்தில் மெட்வே ஆற்றங்கரையிலுள்ள ஃபிரிண்ட்ஸ்பரியில் கட்டப்பெற்ற அக்கப்பல், 1786 அக்டோபர் 6 அன்று நீரில் இறக்கப்பட்டது. மூன்று பாய்மரங்களும் 74 பீரங்கிகளும் கொண்டது அது. சிறகுள்ள குதிரைமீதேறி அரக்க விலங்கை வென்று, பின்னர் செருக்குற்றுத் தேவர்களின் உலகை எட்ட முயன்று வீழ்ந்த கிரேக்கப் புராண வீரனின் பெயரை அதற்குச் சூட்டினர். அப்பெயர் நாவில் நுழையாத மாலுமிகளோ அதைப் 'பில்லி ரஃபியன்', அதாவது போக்கிரி பில்லி, என்றே அன்போடு அழைத்தனர்.

பிரெஞ்சுப் புரட்சியைத் தொடர்ந்து மூண்ட போர்களில் அது முன்னணியில் நின்றது. 1794 ஜூன் 1 அன்று நடந்த கடற்போரில், அதில் இருந்த தளபதி தாமஸ் பாஸ்லி ஒரு காலை இழந்தார். 1798 ஆகஸ்டு 1 அன்று, எகிப்தின் அபுகிர் விரிகுடாவில், தன்னைவிட மிகப் பெரிய 'லோரியான்' என்ற பிரெஞ்சுத் தலைமைக் கப்பலின் அருகே அது நங்கூரமிட்டுப் போரிட்டது. மூன்று பாய்மரங்களும் முறிந்து விழுந்தன. 49 பேர் மாண்டனர்; 148 பேர் காயமுற்றனர். செயலிழந்து விலகிச் சென்றதால், அன்றிரவு 'லோரியான்' வெடித்துச் சிதறியபோது அது அருகில் இல்லை. 1805 அக்டோபர் 21 அன்று டிரஃபால்கரில், அதன் தலைவர் ஜான் குக் தம் பதவியைக் காட்டும் தோளணிகளைக் களைய மறுத்துப் போரிட்டு, சுடப்பட்டு இறந்தார். அவரோடு அக்கப்பலில் உயிர்நீத்தோர் 27 பேர்.

ஆயினும் கப்பலுக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது ஒரு குண்டும் வெடிக்காத ஒரு நாளே. வாட்டர்லூவில் தோல்வியுற்ற நெப்போலியன் அமெரிக்கா செல்ல எண்ணி ரோஷ்ஃபோர் துறைமுகத்தை அடைந்தார். ஆங்கிலக் கப்பல்கள் வழியை அடைத்திருந்தன. வேறு வழியின்றி, 1815 ஜூலை 15 அன்று 'பெல்லரோஃபோன்' கப்பலில் ஏறி, அதன் தலைவர் ஃபிரெடெரிக் மெய்ட்லண்டிடம் சரணடைந்தார். இங்கிலாந்தில் அடைக்கலம் கிடைக்கும் என நம்பினார். ஆனால், அந்நாட்டு மண்ணில் கால்வைக்கவும் அவருக்கு இசைவு கிடைக்கவில்லை. அவரைக் காணத் திரளான மக்கள் படகுகளில் வந்து கப்பலைச் சூழ்ந்தனர். ஆகஸ்டு 7 அன்று அவர் வேறு கப்பலுக்கு மாற்றப்பட்டு, செயின்ட் ஹெலெனா தீவுக்கு அனுப்பப்பட்டார்.

பேரரசரின் வருகையோடு கப்பலின் போர்வாழ்வும் முடிந்தது. அதைச் சிறைக்கப்பலாக மாற்றி, ஷியர்னஸ் துறைமுகத்தில் நிறுத்தினர். அக்காலத்தில் இங்கிலாந்தின் சிறைகள் நிரம்பி வழிந்தன. எனவே பழைய போர்க்கப்பல்களின் பாய்மரங்களை நீக்கி, அவற்றின் தளங்களில் கைதிகளை அடைத்தனர். 1823 முதல் ஏறத்தாழ ஈராண்டுகள் தண்டனை பெற்ற சிறுவர்கள் இதில் வைக்கப்பட்டனர். பீரங்கிகள் முழங்கிய தளங்களில் சிறுவர்கள் உறங்கி எழுந்தனர். 1824இல் கப்பலின் பெயரும் பறிக்கப்பட்டு, வேறொரு போர்க்கப்பலுக்கு வழங்கப்பட்டது. இதற்குக் கிடைத்த புதுப்பெயர் 'சிறைவாசம்' என்னும் பொருள் தரும் 'கேப்டிவிட்டி'. 1826இல் பிளிமத்துக்கு இழுத்துச் செல்லப்பட்ட அது, 1836இல் விற்கப்பட்டு உடைக்கப்பட்டது.

நெப்போலியன் அக்கப்பலில் இருந்தது மூன்று வாரங்களுக்குச் சற்று மேல். அந்நாள்களைப் பற்றி மெய்ட்லண்ட் 1826இல் ஒரு நூலே வெளியிட்டார். 1880இல் ஆர்ச்சர்ட்சன் என்னும் ஓவியர் அக்காட்சியைப் பெரிய திரையில் தீட்டினார். பேரரசர் ஒருவரின் வீழ்ச்சி நினைக்கத்தக்கதே, அதில் குறையில்லை. ஆனால் அதே பலகைகளின் மேல் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த சிறுவர்களைத் தீட்ட ஓர் ஓவியரும் முன்வரவில்லை. அவர்களைக் காண எந்தப் படகும் கரையிலிருந்து விரையவில்லை.

சரணடைந்த மாமன்னருக்கும் தண்டனை பெற்ற ஏழைச் சிறுவனுக்கும் கப்பல் ஒன்றே, சிறையும் ஒன்றே. வேறுபட்டது பார்க்க வந்த மனிதரின் கண்களே. கடந்த காலத்தைப் படிக்கும் நாம், படகுகள் திரண்ட இடத்தில் மட்டும் நின்றுவிடாமல், எவரும் திரும்பிப் பாராத தளத்திலும் இறங்கி நோக்குவோமாக.