பிறந்த இடம்: கொழும்பு

இரு உலக யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் கொழும்பு மாநகரசபையின் சுகாதாரப் பகுதியினர் ஆண்டுதோறும் எழுதிவைத்த அறிக்கைகளைச் சுவையான வாசிப்பு என்று எவரும் கூறமாட்டார்கள். ஆயிரம் பேருக்கு எத்தனை பிறப்பு, எத்தனை இறப்பு, ஒரு வயது நிரம்புமுன் இறந்த குழந்தைகள் எத்தனை, சயரோகத்துக்கு எத்தனை, நெருப்புக் காய்ச்சலுக்கு எத்தனை என்று கணக்குகள் நீண்டு செல்லும். எனினும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நம்மவர் வாழ்ந்த வாழ்வை, தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகளைவிட இந்த எண்களே கூடுதலாகச் சொல்லும் என்பது என் எண்ணம். ஆனால் அவற்றை வாசிக்கும் முறை ஒன்றுண்டு.

1921இல் கொழும்பின் சனத்தொகை சுமார் 2 இலட்சத்து 44 ஆயிரம். 1931இல் அது 2 இலட்சத்து 84 ஆயிரமாயிற்று. 1941இல் எடுத்திருக்க வேண்டிய குடிசன மதிப்பு யுத்தம் காரணமாக 1946 வரை பின்போடப்பட்டது. ஆகவே முப்பதுகளின் பிற்பகுதியில் பிறப்பு, இறப்பு விகிதங்களைக் கணித்தவர்கள் மதிப்பீட்டுத் தொகையைக் கொண்டே வகுக்க வேண்டியிருந்தது. இதைவிடப் பெரிய சிக்கலும் இருந்தது. பிறப்பும் இறப்பும் நிகழ்ந்த இடத்திலேயே பதியப்பட்டன, வாழ்ந்த இடத்தில் அல்ல.

கொட்டாஞ்சேனையை எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்திலும் பண்டகசாலைகளிலும் மூட்டை சுமந்த இந்தியத் தமிழர் பலர் குடும்பத்தை ஊரில் விட்டு வந்த ஆண்கள். அவர்களுடைய பிள்ளைகள் இராமநாதபுரத்திலும் திருநெல்வேலியிலும் பிறந்தன. அவர்களுடைய மரணமோ கொழும்புக் கணக்கில் ஏறியது. வெள்ளவத்தையிலே வேறு கதை. அங்கே வீடெடுத்துக் குடியேறிய யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர்களின் மனைவியர் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயினர். பிள்ளை யாழ்ப்பாணப் பதிவில்! மறுபுறத்தில், 1879இல் தொடங்கப்பட்ட டி சொய்சா பிரசவ மருத்துவமனைக்கு வெளியூர்களிலிருந்து வந்த தாய்மாரின் பிள்ளைகள் கொழும்பிற் பிறந்தவையாயின. (வெள்ளவத்தை என்றால் உத்தியோகத்தர் மட்டுமே என்று எண்ணுவோர், அங்கிருந்த நூற்பு நெசவு ஆலையையும் அதன் தொழிலாளர் 1933இல் நடத்திய வேலைநிறுத்தத்தையும் மறந்துவிடுகிறார்கள்.)

இடம் பார்த்துக் கணக்கெடுத்ததால் விளைந்த நன்மையையும் சொல்லவேண்டும். பிளேக் நோய் 1914இல் கொழும்பை எட்டியது. செட்டியார் தெருவையும் புறக்கோட்டையின் அரிசிக் களஞ்சியங்களையும் சுற்றியே அது உயிர்களைக் கொண்டுபோனது. பழி அங்கு நெருங்கி வாழ்ந்த இந்தியர்களின் பழக்கவழக்கங்களின் மீது விழுவது இலகுவாயிருந்தது. மாநகரசபையின் நுண்ணுயிரியலாளராக இருந்த எல். எஃப். ஹேர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் எலிகளையும் அவற்றின் தெள்ளுகளையும் பகுதி பகுதியாக எண்ணினார். நோய் நிலவிய களஞ்சியப் பகுதிகளில் கியோப்பிஸ் என்ற தெள்ளினம் காணப்பட்டது. நோய் பரவாத பகுதிகளின் எலிகளில் பெரும்பாலும் இருந்தது அஸ்தியா என்ற வேறோர் இனம். அது பிளேக்கைப் பரப்புவதில் வலுக்குறைந்தது. ஆக, இறப்புக் கணக்கில் ஒரு தெரு கறுத்தும் மற்றொன்று வெளுத்தும் தெரிந்ததற்கு அங்கு வாழ்ந்தவரின் இனம் காரணமல்ல, அரிசி மூட்டையும் அதோடு கப்பலில் வந்த தெள்ளுமே காரணம். உலகெங்கும் பிளேக் ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டிய இந்த உண்மை நமது புறக்கோட்டையில் எண்ணிப் பெறப்பட்டது என்பதை நம்மிற் பலர் அறியார்.

1934-35 மலேரியாவைப் பற்றி இங்கு விரிக்கவில்லை. கேகாலை, குருநாகல் பக்கத்தைச் சூறையாடிய அந்நோய், நாடு முழுவதற்குமான சிசு மரண விகிதத்தை 1935இல் ஆயிரத்துக்கு 263 ஆக்கியது. அந்த ஆண்டின் எண்ணைக் கொழும்பின் எண்ணென்று எவரும் கொள்ளலாகாது.

நோயை அளக்க எழுதிய இந்தப் பதிவேடுகள் பின்னர் வேறொரு வேலைக்கு இழுக்கப்பட்டன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவன் வம்சாவழிப் பிரஜையாவதற்கு அவனுடைய தந்தையும் இலங்கையிற் பிறந்திருக்கவேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்கவேண்டும் என்றது. 1925இல் கொட்டாஞ்சேனையில் ஓர் இந்தியத் தமிழ்க் குழந்தை பிறந்ததாக வைத்துக்கொள்வோம். அக்குழந்தையின் பிறப்பு மாநகரத்தின் கணக்கில் ஒன்றாகச் சேர்ந்தது. கையில் அத்தாட்சிப் பத்திரமும் உண்டு. ஆனால் அது போதாது. தந்தை பிறந்தது 1895ஆம் ஆண்டளவில் இருக்கும். பிறப்புப் பதிவு கட்டாயமாக்கப்பட்டதோ 1897இல். பூட்டன் பிறந்தது 1840ஐ ஒட்டி என்றால், பதிவுச் சட்டமே 1867இல்தான் வந்தது. பதிவேடு திறக்கப்படுமுன் பிறந்தவனுக்குப் பதிவுத் துண்டு கேட்ட சட்டம் அது. எழுத்தில் அது எல்லோருக்கும் பொது. கொள்ளுப்பிட்டியிலோ வெள்ளவத்தையிலோ எத்தனை பேரிடம் பூட்டனின் பிறப்புப் பதிவைக் கேட்டார்கள்?

இந்தியத் தமிழர், இலங்கைத் தமிழர் என்ற பிரிவு 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் ஏற்பட்டது. ஓர் எண்ணிக்கை வசதிக்காக இட்ட கோடு, முப்பத்தேழு ஆண்டுகளில் நாடுள்ளவனையும் நாடற்றவனையும் பிரிக்கும் எல்லையாயிற்று. 1964 ஒக்டோபர் உடன்படிக்கையின் பின்னும் மிஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டத்தினாலேயே பிரஜாவுரிமை கிடைத்தது. 1925இன் அந்தக் குழந்தை உயிரோடிருந்தால் அப்போது வயது எழுபத்தெட்டு.

லண்டனிலும் டொரொண்டோவிலும் இருந்து இதை வாசிப்பவர்கள், பெட்டிக்குள் வைத்திருக்கும் தங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை ஒருதரம் எடுத்துப் பாருங்கள். தந்தையின் பெயரோடு அவருடைய பிறந்த இடத்துக்கும் இனத்துக்கும் அதில் இடம் ஒதுக்கியிருப்பார்கள்.