உடைமையைத் தீர்மானித்த ஓரெழுத்து: லாம்டாமூவில் பயனர் தரவின் வரலாறு

இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் ராய் ட்ரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த ‘மட்’ என்னும் பல்பயனர் கணினி விளையாட்டில், ஒரு பயனரைப் பற்றி எந்தெந்தச் செய்திகளைச் சேமிப்பது என்பதை நிரலை எழுதியவர்களே முடிவு செய்தனர். 1989இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆஸ்ப்னஸ் எழுதிய டைனிமட், அறைகளையும் பொருள்களையும் பயனர்களே படைக்க இடம் தந்தது. எனினும் அதில் முழுமையான நிரல்மொழி இல்லாததால், முன்கூட்டியே வகுக்கப்பட்ட புலங்களுக்கு அப்பால் எதையும் பதிந்துவைக்க இயலவில்லை.

1990இல் ஸ்டீபன் ஒயிட் எழுதிய ‘மூ’ என்னும் மென்பொருளும், அதை ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பாவெல் கர்டிஸ் விரிவாக்கி உருவாக்கிய லாம்டாமூவும் இத்தடையை அகற்றின. லாம்டாமூவின் மெய்நிகர் உலகில் அறை, நாற்காலி, பயனர் ஆகிய அனைத்தும் எண்ணிடப்பட்ட பொருள்களே; ஒவ்வொரு பொருளும் தரவைத் தாங்கும் ‘பண்பு’களையும், அத்தரவைக் கையாளும் சிறுநிரல்களாகிய ‘வினை’களையும் கொண்டிருந்தது. நிரலாக்க உரிமை பெற்ற ஒருவர், தம்மைக் குறிக்கும் பொருளோடு ‘மனநிலை’ என்றொரு பண்பை ஒற்றை ஆணையால் இணைத்து, அதில் ‘அமைதி’ என்னும் மதிப்பை இட்டுவைக்கலாம். வழங்கிக் கணினி தரவுத்தளம் முழுவதையும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, குறித்த இடைவெளிகளில் வட்டில் எழுதிவந்ததால், அம்மதிப்பு பயனர் வெளியேறிய பின்னும் நிலைத்திருந்தது.

சேமிக்க வழி பிறந்ததும், சேமித்தது யாருக்குச் சொந்தம் என்ற வினா எழுந்தது. ஒவ்வொரு பண்புக்கும் ஓர் உடைமையாளர் குறிக்கப்பட்டார்; பிறர் படிப்பதற்கு ‘ஆர்’, எழுதுவதற்கு ‘டபிள்யூ’ என்ற அனுமதி எழுத்துகளோடு ‘சி’ என்ற மூன்றாவது எழுத்தும் இருந்தது. ஒரு தாய்ப்பொருளிலிருந்து சேய்ப்பொருள் பிறக்கும்போது, ‘சி’ இருந்தால் மரபுரிமையாக வந்த பண்பு சேய்க்குரியவரின் உடைமையாகும். இல்லையேல் அது தாய்ப்பொருளில் அப்பண்பை உடையவரிடமே தங்கிவிடும். ஆகவே ஒருவரின் தோற்ற விவரணை அவர் விருப்பப்படி மாற வேண்டுமெனில் ‘சி’ இடப்பட்டது. அவர் விளையாட்டில் ஈட்டிய புள்ளிகளை அவரே திருத்திவிடக் கூடாதெனில் ‘சி’ நீக்கப்பட்டது. தன்னைப் பற்றிய தரவு தன்மேலேயே பதிந்திருந்தும் அது பிறருடையதாக இருக்கக்கூடும் என்பதை இந்த ஓரெழுத்து வெளிப்படையாக்கியது.

இடப் பற்றாக்குறை அடுத்த சிக்கலாயிற்று. பயனர்கள் பொருள்களைக் குவிக்கக் குவிக்க வழங்கியின் நினைவகம் திணறவே, ஒவ்வொருவருக்கும் ஒதுக்கீடு வரையறுக்கப்பட்டது. கூடுதல் இடம் கேட்டவர்களின் வேண்டுகோள்களைப் பயனர்களைக் கொண்ட கட்டட மதிப்பாய்வுக் குழு பரிசீலித்தது. முதலில் பொருள்களின் எண்ணிக்கையாக இருந்த அளவுகோல் பின்னர் பைட்டுக் கணக்காக மாறியபோது, பண்பில் எழுதப்படும் நீண்ட வரியும் செலவாகக் கணக்கிடப்பட்டது. நிரலின் வசதியாகத் தொடங்கிய ஒன்று, நிலப் பங்கீட்டைப் போல ஊர்க்கூட்டம் கூடித் தீர்க்க வேண்டிய பொது வழக்காயிற்று.

பிற்காலத்தில் பரவலான வேர்டுபிரஸ் என்னும் வலைத்தள மென்பொருள், பயனரின் கூடுதல் தரவை வரிசை எண், பயனர் எண், திறவுச்சொல், மதிப்பு என்னும் நான்கு நெடுவரிசைகள் கொண்ட அட்டவணையில் சேமிக்கிறது. லாம்டாமூ ஒவ்வொரு பண்போடும் எழுதிவைத்த உடைமையாளருக்கு அவ்வட்டவணையில் தனி நெடுவரிசை இல்லை.